தொல்காலநிலைத் தரவும் தாமிரபரணிக் கரைத் தொல்லியலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலிச் சீமையில், அதாவது இன்றைய திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி மாவட்டங்களில், தொல்லியல் இடங்களை மேப்பில் குறித்து ஆராயும் மாணவர்களும் ஊர் வரலாற்று ஆர்வலர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். மென்பொருள் என்று வரும் இடத்தில் எல்லாம் இலவசமாகக் கிடைக்கும் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் உள்ள பதில்கள் எளியவை, பின்னால் போகப்போகச் சிக்கல் கூடும். அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

தொல்காலநிலை மாடல் டேட்டான்னா என்ன? அந்தக் காலத்துல மழையை யார் அளந்தாங்க?

யாரும் அளக்கவில்லை. இது கணக்கு. பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, காற்று, கடல், பனி, நிலம் இவற்றுக்குள் வெப்பமும் ஈரமும் எப்படி நகரும் என்பதை இயற்பியல் சமன்பாடுகளால் கணினி கணக்கிடுகிறது. 21,000 ஆண்டுகளுக்கு முந்தைய நிலை வேண்டுமென்றால் அன்றைய பூமிச் சுற்றுப்பாதை, அன்றைய கரியமில வாயு அளவு, வட அமெரிக்காவையும் வட ஐரோப்பாவையும் மூடியிருந்த பனிப்பாளங்கள் ஆகியவற்றை உள்ளே கொடுப்பார்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மாதவாரி வெப்பநிலையும் மழையும் வெளியே வரும்.

குகைக் கசிவுப் பாறை, ஏரிச் சேறு, கடலடி வண்டல், பழைய மகரந்தம் இவையெல்லாம் வேறு வகை. அவை அந்தக் காலத்திலேயே உருவாகி இன்றுவரை தங்கிவிட்ட சான்றுகள். இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசாதீர்கள். பின்னால் வரும் பல பதில்கள் இந்த வேறுபாட்டை வைத்துத்தான் நிற்கின்றன.

நம்ம ஊர் தொல்லியலுக்கு இது எதுக்கு? குழி போட்டாலே தெரிஞ்சுடாதா?

குழி போட்டால் அந்தக் குழியில் இருப்பது தெரியும். சிவகளையில் முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல் உமியின் காலம் கிமு 1155 என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. அப்படியானால் அந்த மக்களுக்கு நெல் தெரியும். அந்த நெல் எந்த மழையில், எந்தத் தண்ணீரில் விளைந்தது, அன்றைய ஆற்றில் எத்தனை மாதம் நீர் ஓடியது என்பதைத் தாழி சொல்லாது. அந்தக் கேள்விகளுக்கு அருகிலாவது போக உதவுவது இந்தத் தரவு. அதை முடிவாக எடுத்துக்கொள்ளாமல், சோதித்துப் பார்க்க வேண்டிய ஒரு கருத்தாக எடுத்துக்கொண்டால் மிகவும் பயன்படும்.

டேட்டா நாலஞ்சு பேர்ல இருக்கே, எதை எடுக்கிறது?

உங்கள் கேள்வியைப் பொறுத்தது. தொல்லியலில் அதிகம் புழங்குபவை நான்கு.

வேர்ல்டுகிளைம் 1.4 பதிப்பில் மூன்று காலப்புள்ளிகள் உண்டு: சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முந்தைய மத்திய ஹோலோசீன் (ஹோலோசீன் என்பது பனியுகம் முடிந்தபின் இன்றுவரை உள்ள காலம்), சுமார் 22,000 ஆண்டுகளுக்கு முந்தைய பனியுக உச்சம், அதற்கும் முந்தைய கடைசி இடைப்பனிக் காலம். முதல் இரண்டுக்கும் ஒன்றுக்கு மேற்பட்ட மாடல்களின் விடைகள் கிடைக்கும், மாதவாரியாகவும் கிடைக்கும். பேலியோகிளைம் தொகுப்பு ஹோலோசீனை மூன்று துண்டாகப் பிரிக்கிறது: 11,700 முதல் 8,326 ஆண்டுகளுக்கு முன்வரை, 8,326 முதல் 4,200 வரை, 4,200 முதல் 300 வரை. அதற்கு முந்தைய காலத்துக்கும் லேயர்கள் (ஒரு காலத்துக்கான வரைபட அடுக்குகள்) உண்டு. இறக்குவது மிகச் சுலபம், அதனால் எல்லோரும் இதில்தான் தொடங்குகிறார்கள். ஆனால் இதில் பயோகிளைம் எனப்படும் 19 ஆண்டுத் தொகுப்பு மாறிகள்தான் வரும், மாதவாரி மழை வராது. செல்சா ட்ரேஸ்21கே 21,000 ஆண்டுகளை 100 ஆண்டுப் படிகளாக, சுமார் 1 கிமீ கட்டத்தில், மாதவாரியாகத் தருகிறது. கோப்புகள் பெரியவை. நான்காவது, பேயரும் குழுவினரும் 2020-இல் வெளியிட்ட 1,20,000 ஆண்டுத் தொகுப்பு. அதன் கட்டம் அரை பாகை. ஆர் என்ற நிரல் மொழியில் பாஸ்ட்கிளைம் என்ற பொதி வழியாக எடுப்பது வசதி.

நம் பகுதிக்கு என்று கேட்டால் என் பரிந்துரை மாதவாரி மழை உள்ள தொகுப்புதான். காரணம் பயோ16 பற்றிய கேள்வியில் வருகிறது.

எல்லாம் இலவசமா? என் பழைய லேப்டாப் தாங்குமா? கோடிங் தெரியணுமா?

இலவசம். கோடிங் இல்லாமலே பெரும்பாலான வேலையைச் செய்யலாம். உலகம் முழுவதற்குமான கோப்பைத் திறந்ததும் முதல் வேலையாக நம் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குத் தீர்க்கரேகை 76.5 முதல் 79 வரை, வடக்கு அட்சரேகை 8 முதல் 10 வரை போதும். ஒரு கலை என்பது பாகையின் அறுபதில் ஒரு பங்கு. சுமார் 5 கிமீ கட்டம் உள்ள 2.5 கலைத் தரவில் இது 60-க்கு 48, மொத்தம் 2,880 கட்டங்கள்தான். எந்த லேப்டாப்பும் தாங்கும்.

என் இடங்களை ஏத்தினேன், எல்லாம் ஆர்க்டிக் கடல்ல போய் விழுதே?

அட்சரேகையும் தீர்க்கரேகையும் மாறிவிட்டன. இடங்களின் அட்டவணை உள்ள சிஎஸ்வி கோப்பை ஏற்றும்போது எக்ஸ் என்ற இடத்தில் தீர்க்கரேகையும் (நமக்கு 77, 78) ஒய் என்ற இடத்தில் அட்சரேகையும் (நமக்கு 8, 9) வர வேண்டும். மாற்றிப் போட்டால் ஆதிச்சநல்லூர் நார்வேக்கு வடக்கே, ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே போய் நிற்கும். பாகை, கலை, விகலையாக எழுதிய அளவைத் தசம பாகையாக மாற்றாமல் ஏற்றினாலும் புள்ளிகள் நகரும். இந்த இரண்டாவது பிழை ஆபத்தானது. 8.38 என்று நீங்கள் எழுதியது 8 பாகை 38 கலை என்றால் சரியான எண் 8.63. வித்தியாசம் கால் பாகை, கிட்டத்தட்ட 28 கிமீ. புள்ளி நம் சீமைக்குள்ளேயே விழுவதால் கண்ணில் படாது.

புள்ளிகள் சரியாக விழுந்த பிறகு ‘சாம்பிள் ராஸ்டர் வேல்யூஸ்’ கருவியை ஓட்டினால் ஒவ்வொரு இடத்துக்கும் கீழே உள்ள கட்டத்தின் மதிப்பு அட்டவணையில் சேர்ந்துவிடும்.

ஆண்டு சராசரி வெப்பநிலை 284-ன்னு காட்டுது. கோப்பு கெட்டுப்போச்சா?

இல்லை. கோப்பின் அளவைக் குறைக்க, தசமப் புள்ளியைத் தவிர்த்துப் பத்தால் பெருக்கி வைத்திருக்கிறார்கள். 284 என்றால் 28.4 டிகிரி செல்சியஸ். வேர்ல்டுகிளைம் 1.4, பேலியோகிளைம் இரண்டிலும் வெப்பநிலைக்கு இப்படித்தான். மழை மில்லிமீட்டரில் அப்படியே இருக்கும். எல்லாத் தொகுப்பும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை என்பதால், கூட வரும் விளக்கக் கோப்பைப் படிக்காமல் கால்குலேட்டரைத் திறக்காதீர்கள். -32768 அல்லது -9999 போன்ற எண் வந்தால் அது ‘தரவு இல்லை’ என்பதற்கான குறி. கடற்கரை ஓர இடங்களில் இது அடிக்கடி வரும்.

ஆதிச்சநல்லூரையும் கொற்கையையும் ஒரே யுடிஎம் மேப்புல போடலாமா?

கவனிக்க வேண்டிய இடம். யுடிஎம் என்பது பூமியை 6 பாகை அகல மண்டலங்களாகப் பிரித்து, இடத்தை மீட்டரில் குறிக்கும் முறை. யுடிஎம் 43, 44 ஆகிய இரு மண்டலங்களின் எல்லை 78 பாகைக் கோடு. அது நம் சீமையை நடுவே பிரித்துக்கொண்டு போகிறது. ஆதிச்சநல்லூர் அதற்கு மேற்கே 43-இல் இருக்கிறது, கொற்கையும் திருச்செந்தூரும் கிழக்கே 44-இல் இருக்கின்றன. களத்தில் ஜிபிஎஸ் கருவி தானாக மண்டலத்தை மாற்றிக்கொள்ளும். நீங்கள் குறிப்பேட்டில் மண்டல எண்ணை எழுதாமல் விட்டால் பிறகு அந்த அளவுகளை நம்ப முடியாது.

களத்தில் தசம பாகையில் குறித்துக்கொள்ளுங்கள். காலநிலைத் தரவும் அதே முறையில்தான் வருகிறது, அதனால் மதிப்பு எடுக்கும் வேலையை அங்கேயே முடித்துவிடலாம். தூரமும் பரப்பும் கணக்கிட மட்டும் எல்லாப் புள்ளிகளையும் ஒரே மண்டலத்துக்கு, 43-க்கே கூட, மாற்றிக்கொள்ளலாம். எல்லையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போவதால் வரும் பிழை இந்த வேலைக்குப் பொருட்டில்லை.

என் சான்றோட தேதி கிமு 1155. எந்த லேயரை எடுக்கணும்?

காலநிலைத் தொகுப்புகள் பெரும்பாலும் ‘இன்றைக்கு முன்’ என்று எண்ணும். அந்த ‘இன்று’ 1950. ஆகவே கிமு 1155 என்பது சுமார் 3,100 ஆண்டுகளுக்கு முன். பேலியோகிளைமில் இது 4,200 முதல் 300 வரையுள்ள லேயரில் விழும்.

இப்போது அந்த லேயரின் அகலத்தைப் பாருங்கள். அது கிமு 2250-இல் தொடங்கி கிபி 1650-இல் முடிகிறது. சிவகளை நெல்லும், கொற்கைத் துறைமுகமும், பாண்டியர் காலம் முழுவதும், மதுரை நாயக்கர் ஆட்சியின் பெரும்பகுதியும் ஒரே சராசரிக்குள் அடங்கிவிட்டன. இந்த லேயரை வைத்து ‘தாழிக்காலத்தில் மழை இவ்வளவு’ என்று எழுதினால் அது திருமலை நாயக்கர் காலத்துக்கும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். சிவகளையின் இரும்புக்கு 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட கிமு 3345 என்ற காலமோ சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன். அது அதற்கு முந்தைய லேயருக்குப் போய்விடும். ஒரே ஊரின் இரண்டு சான்றுகளை இரண்டு லேயரில் வைத்து ‘இடையில் மழை மாறியது’ என்று எழுதும்போது, ஒப்பிடுவது நான்காயிரம் ஆண்டு அகலமுள்ள இரண்டு சராசரிகளை என்பதை வாசகருக்குச் சொல்லிவிடுங்கள்.

ரேடியோகார்பன் தேதி அளவுத்திருத்தம் செய்யப்பட்டதா, அதாவது நாட்காட்டி ஆண்டாக மாற்றப்பட்டதா என்பதையும் பாருங்கள். பழைய அறிக்கைகளில் பல தேதிகள் திருத்தப்படாதவை. ஆக்ஸ்கால் போன்ற நிரலில் திருத்திவிட்டு, கிடைக்கும் காலவீச்சு முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் உள்ள ஒரே ஓர் ஆண்டைப் பிடித்துக்கொள்ளாதீர்கள்.

அப்போ நூறு வருஷப் படி உள்ள செல்சா ட்ரேஸை எடுத்தா பிரச்சினை தீர்ந்துச்சா?

பாதி தீரும். கிமு 1300 முதல் 1000 வரை என்று உங்கள் காலவீச்சுக்கு ஏற்ற படிகளைத் தேர்ந்தெடுக்க முடியும். ஆனால் கிமு 12-ஆம் நூற்றாண்டு லேயரில் மழை குறைந்து 11-இல் கூடினால், உண்மையான தாமிரபரணியிலும் அதே நூற்றாண்டில் அப்படி நடந்தது என்று பொருளில்லை. காலநிலை தனக்குள்ளேயே ஏறி இறங்கும். மாடலில் வரும் அந்த ஏற்ற இறக்கம் மாடலுக்குச் சொந்தமானது, வரலாற்று நாட்காட்டியோடு ஒட்டி ஓடாது.

இன்னொன்று. இதற்கு அடியில் இருப்பது ட்ரேஸ்21கே என்ற மாடல் ஓட்டம். சுற்றுப்பாதை, பசுங்குடில் வாயுக்கள், பனிப்பாளங்கள், உருகி வந்த நன்னீர் ஆகியவைதான் அதற்குள் கொடுக்கப்பட்டவை. எரிமலை வெடிப்புகளும் சூரியனின் ஒளி மாற்றமும் சேர்க்கப்படவில்லை. பனியுகம் முடிந்த காலத்தின் பெரிய மாற்றங்களை ஆராய அது அருமையான ஓட்டம். கடந்த மூவாயிரம் ஆண்டின் ஒரு குறிப்பிட்ட பஞ்சத்தை அதில் தேடாதீர்கள். நூற்றாண்டுப் படிகளைப் பல எடுத்து, சராசரியையும் வீச்சையும் சேர்த்துக் காட்டுவதுதான் நேர்மையான பயன்பாடு.

ஒரு கட்டம் அஞ்சு கிலோமீட்டர்தானே. ஆதிச்சநல்லூருக்கும் கொற்கைக்கும் இருந்த மழை வித்தியாசம் தெளிவா தெரியுமே?

மேப்பில் தெரியும். அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

ட்ரேஸ்21கே ஓட்டத்தின் அசல் கட்டம் சுமார் 3.75 பாகை, அதாவது 400 கிமீ-க்கு மேல். அரபிக்கடலிலிருந்து மன்னார் வளைகுடா வரை, குமரி முதல் கொங்கு வரை ஒரே கட்டத்துக்குள் அடங்கிவிடும். அந்தக் கட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு சுவராக நிற்காது, உயரம் சமன்பட்டுக் கரைந்துவிடும். பொதிகை மலை எது, செம்மணல் தேரிக்காடு எது என்று அந்த மாடலுக்குத் தெரியாது. பிறகு எப்படி 5 கிமீ வந்தது? மாடலின் பழைய காலத்துக்கும் நிகழ்காலத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் எடுத்து, அதை மெல்ல நிரவி, இன்றைய நுணுக்கமான மழை வரைபடத்தின் மேல் ஏற்றுகிறார்கள். மாற்றக் காரணி முறை என்பது இதுதான். வேர்ல்டுகிளைமும் பேலியோகிளைமும் இந்த வழியில் வந்தவை. செல்சா ட்ரேஸ் இன்னும் ஒருபடி மேலே போய், மலை உயரத்தையும் காற்று வீசும் திசையையும் கணக்கில் சேர்க்கிறது. ஆனாலும் மூலத்தில் இருப்பது அதே பெரிய கட்டம்தான்.

எனவே சுமார் 20 கிமீ இடைவெளியில் உள்ள ஆதிச்சநல்லூருக்கும் கொற்கைக்கும் இடையே மேப்பில் தெரியும் வேறுபாடு ஏறக்குறைய முழுவதும் இன்றைய வேறுபாடு. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் மழை இதே வடிவத்தில்தான் பரவியது என்ற அனுமானம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. மலை நகரவில்லை என்பதால் அந்த அனுமானம் ஓரளவு நியாயமானதுதான். ஆனால் அதைக் கண்டுபிடிப்பாக எழுதக் கூடாது.

நான் சொல்லிக்கொடுக்கும் வழி இது: மில்லிமீட்டர் எண்ணை விட்டுவிட்டு விகிதத்தைப் பயன்படுத்துங்கள். ராஸ்டர் கால்குலேட்டரில் (கட்டத்துக்குக் கட்டம் கணக்குப் போடும் கருவி) பழைய மழையை, அதே தொகுப்பு தரும் நிகழ்கால மழையால் வகுங்கள். 1.1 என்று வந்தால் இன்றைவிடப் பத்து விழுக்காடு கூடுதல். மாடல் உண்மையில் சொல்ல வருவது அந்த விகிதத்தைத்தான். அது நம் சீமை முழுவதும் கிட்டத்தட்ட ஒரே நிறமாக வந்தால் ஏமாற்றமடைய வேண்டாம். அதுதான் தரவின் உண்மையான நுணுக்கம்.

ஆதிச்சநல்லூர் கட்டத்துல மழை ரொம்பக் கம்மியா வருது. அப்போ அது வறண்ட ஊரா இருந்துச்சா?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் நான் திருப்பிக் கேட்பது: இன்று ஸ்ரீவைகுண்டத்து வயலுக்கு ஸ்ரீவைகுண்டத்து மழையா பாய்கிறது? சமவெளியில் பெய்வதைப்போலப் பல மடங்கு மழை மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து மலைகளில் பெய்கிறது. அது மலையிலிருந்து இறங்கி, அம்பாசமுத்திரம், நெல்லை வழியாக வந்து, புன்னக்காயலில் கடல் சேர்கிறது. கார் சாகுபடிக்குத் தென்மேற்குப் பருவத்தில் மலையில் பெய்த தண்ணீர், பிசானச் சாகுபடிக்கு வடகிழக்குப் பருவத்துத் தண்ணீர். ஊரின் தலைக்கு மேலே உள்ள கட்டம் இதில் எதையும் சொல்லாது.

ஆகவே ஆற்றங்கரை இடங்களுக்குப் புள்ளி மதிப்போடு நிறுத்தாமல் நீர்ப்பிடிப்பு மதிப்பும் எடுங்கள். உயரத் தரவிலிருந்து அந்த இடத்துக்கு மேலே உள்ள நீர்ப்பிடிப்புப் பகுதியை வரையறுத்துக்கொள்ளுங்கள். க்யூஜிஐஎஸ்-இல் வரும் கிராஸ் கருவிகளில் ஆர் டாட் வாட்டர்ஷெட் நீர் ஓடும் திசையைத் தரும், அதை வைத்து ஆர் டாட் வாட்டர் டாட் அவுட்லெட் உங்கள் இடத்துக்கு மேலே உள்ள பகுதியை வரையறுக்கும். பிறகு அந்தப் பலகோணத்துக்கு ‘ஜோனல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ ஓட்டி, மாதவாரி மழையின் சராசரியை எடுங்கள். சீவலப்பேரிக்குக் கீழே உள்ள இடமென்றால் குற்றாலத்திலிருந்து வரும் சிற்றாற்றின் நீர்ப்பிடிப்பும் சேர வேண்டும். அணைகளின் நீர்த்தேக்கங்கள் உயரத் தரவில் தட்டையாகத் தெரியும், அங்கே ஓடைக் கோடு தடுமாறுகிறதா என்று கண்ணால் சரிபாருங்கள்.

தேரி இடங்கள், ஆற்றுப் பாசனம் எட்டாத கரிசல் மேடுகள் இவற்றுக்கு நேர்மாறு. அங்கே தலைக்கு மேலே பெய்ததும் குளத்தில் தங்கியதும்தான் கணக்கு. ஒரே ஆய்வில் இரண்டு வகை இடமும் இருந்தால், இரண்டையும் ஒரே மாறியால் அளக்காதீர்கள்.

பயோ16 போட்டா மலையடிவாரத்துல திடீர்னு ஒரு கோடு விழுது. அது காலநிலை எல்லையா?

இல்லை. பயோ16 என்பது ‘ஆண்டின் அதிக மழை பெய்யும் மூன்று மாதங்களின் மழை’. எந்த மூன்று மாதம் என்பதை ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கிறது. மலையின் மேற்குச் சரிவில் அது ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை, நெல்லைச் சமவெளியில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை. நீங்கள் பார்க்கும் கோட்டின் இரு பக்கமும் இருப்பவை இரண்டு வெவ்வேறு பருவங்கள். கூட்டிக் கழித்து ஒப்பிடவே முடியாது. வெப்பக் காலாண்டு மழை, குளிர்க் காலாண்டு மழை எனப்படும் பயோ18, பயோ19 ஆகியவற்றிலும் இதே சிக்கல் உண்டு.

உலகளவில் வேலை செய்பவர்களுக்கு இந்த மாறிகள் வசதியானவை. இரண்டு பருவமழை ஒரே மலையின் இரு பக்கமும் மோதும் நம் சீமைக்கு இவை பொருந்தா. மாதவாரித் தரவை எடுத்து, ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு லேயர், அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு லேயர் என்று நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள். கார், பிசானம் என்று யோசிக்கும் ஊருக்கு அதுதான் பொருள் தரும் பிரிவு.

ஆறாயிரம் வருஷத்துக்கு முன்னால மழை ஜாஸ்தின்னு எல்லாரும் சொல்றாங்களே. நமக்கும் அப்படித்தானே?

அவர்கள் சொல்வது தென்மேற்குப் பருவமழையை. அந்தக் காலத்தில் சுற்றுப்பாதை காரணமாக வடக்கு அரைக்கோளத்தின் கோடைக்கு இன்றைவிட அதிக வெயில் கிடைத்தது. நிலம் கூடுதலாகச் சூடாகி, கோடைப் பருவக்காற்று வலுத்தது. மாடல்களும் இயற்கைச் சான்றுகளும் இதில் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. பொதிகையின் மேற்கே அந்த மழை கூடியிருந்தால் தாமிரபரணிக்கும் ஒரு பங்கு கிடைத்திருக்கலாம். ஆனால் வடகிழக்குப் பருவமழை அதே காரணத்தால் கூடியிருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அது வேறு மாதங்கள், வேறு காற்று, வங்கக் கடலின் புயல்கள். முந்தைய பதிலில் சொன்ன இரண்டு லேயர் பிரிவு இங்கேதான் கைகொடுக்கும்.

4,200 வருஷத்துக்கு முந்தின பெரிய வறட்சி இங்கேயும் வந்துச்சுன்னு எழுதலாமா?

அந்த நிகழ்வுக்கு அடையாளமாக வைக்கப்பட்டிருப்பது மேகாலயாவின் மவ்ம்ளு குகைக் கசிவுப் பாறை. 2018-இல் மேகாலயன் என்ற புவியியல் காலத்தின் தொடக்கமாக அது ஏற்கப்பட்டது. அந்தக் குகை நெல்லையிலிருந்து 2,000 கிமீ-க்கு மேல் தள்ளி இருக்கிறது, அங்கே பெய்வது கோடைப் பருவமழை. அதைக் கொண்டுவந்து தாமிரபரணியில் வைக்க இடையில் ஒரு பாலம் வேண்டும். தென்னிந்தியச் சான்று என்று பார்த்தால் நீலகிரி கரிச்சதுப்பு மண்ணின் கார்பன் ஐசோடோப்பு ஆய்வு 1993-இல் வெளிவந்தது. பனியுகத்திலிருந்து ஈரமும் வறட்சியும் மாறிமாறி வந்ததை அது காட்டியது. அதுவும் நமக்கு வடக்கே, உயர்மலையில் உள்ள சான்று.

பேலியோகிளைம் லேயர் 4,200-இல் மாறுகிறதே என்று அதை ஆதாரமாகக் காட்டாதீர்கள். புவியியல் காலப்பிரிவை வைத்து எல்லை அங்கே போடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். நம் குளங்களின் அடிச்சேற்றிலும் கடலோர வண்டலிலும் இந்தச் சீமைக்கே உரிய பதிவுகளைத் தேட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தொல்லியல் படிக்கும் பிள்ளைகள் புவியியல் துறையோடு சேர்ந்து செய்யக்கூடிய அருமையான வேலை அது.

கடல் பின்னாடி போனதைக் காட்டினா குமரிக்கண்டம் தெரியுமா?

ஜெப்கோ கடலடி உயரத் தரவை இறக்கி, -120 மீட்டர் கோட்டை வரைந்து பாருங்கள். பனியுக உச்சத்தில் கடல்மட்டம் ஏறக்குறைய அந்த அளவுக்கோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ தாழ்ந்திருந்தது. மன்னார் வளைகுடாவின் மேடான பகுதி வெளியே வரும், பாக் நீரிணை முழுவதும் நிலமாகி இலங்கை இணையும், குமரிக்குத் தெற்கேயும் ஒரு நிலப்பட்டை நீளும். அதைத் தாண்டினால் கடலடி ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. அங்கே கண்டம் ஒன்றும் இல்லை. ஆனால் மூழ்கிய அந்தப் பட்டையே தொல்லியலுக்குப் பெரிய விஷயம். நுண்கற்கருவி மக்கள் அல்லது அவர்களின் முன்னோர் நடமாடிய கரை இன்று தண்ணீருக்கடியில் இருக்கலாம்.

கொற்கைக்கு வந்தால் கதை வேறு. அதன் காலத்துக்குள் கடல்மட்டம் ஏறக்குறைய இன்றைய நிலைக்கு வந்துவிட்டது. இன்று அந்த ஊர் கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருப்பதற்கு ஆற்று வண்டல் கரையைத் தள்ளியது முக்கியக் காரணம். கடல்மட்டக் கோட்டை மட்டும் நகர்த்தினால் பழைய துறைமுகம் கிடைக்காது, வண்டலின் தடிமன் தெரிய வேண்டும். காலநிலைத் தொகுப்பின் கடற்கரையும் உங்கள் ஜெப்கோ கடற்கரையும் ஒத்துப்போகாமல் இருப்பது இயல்பு. எதை எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று எழுதிவிடுங்கள்.

தேரியில கிடைச்ச நுண்கற்கருவிக்குத் தேதியே இல்லை. எப்படி லேயர் தேர்ந்தெடுக்கிறது?

சாயர்புரம், குதிரைமொழி, மெஞ்ஞானபுரம் பக்கத்துச் செம்மணல் தேரிகளில் கிடைக்கும் நுண்கற்கருவிகளைப் பற்றி ஸூனரும் ஆல்ச்சினும் 1956-இல் எழுதினார்கள். பழைய கடல்மட்டத்தோடு தேரிகளை இணைத்து அவர்கள் காலம் கணித்தார்கள். மணல் காற்றோடு நகர்வது. மேலே கிடக்கும் கருவி எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று பல இடங்களில் சொல்ல முடியாது. அதனால் ஒரு லேயரைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பேலியோகிளைமின் மூன்று ஹோலோசீன் லேயர்களையும், அதற்கு முந்தைய இரண்டையும் எடுத்து, ஐந்திலும் ஒரே முடிவு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் தேதி இல்லாமலே அந்த முடிவு நிற்கும். வராவிட்டால், தேதி கிடைக்கும்வரை காலநிலைப் பேச்சை நிறுத்திவைக்க வேண்டியதுதான். இதற்கு அகலமான லேயரே பொருத்தம். எட்டாம் கேள்வியில் குறையாக இருந்த அதே அகலம் இங்கே உதவுகிறது.

ஒரு மாடல் ஈரம்ங்குது, இன்னொண்ணு வறட்சிங்குது. சராசரி எடுத்துடலாமா?

எடுத்தால் ‘மாற்றமில்லை’ என்று ஒரு விடை வரும். இரண்டு மாடலும் சொல்லாத விடை அது. பனியுக உச்சத்துக்கு வேர்ல்டுகிளைம் மூன்று மாடல்களைத் தருகிறது. மூன்றையும் தனித்தனியாக விகிதமாக்கி, எத்தனை மாடல்கள் ஒரே பக்கம் சாய்கின்றன என்று கட்டம் கட்டமாக எண்ணுங்கள். மூன்றும் ஒத்த இடத்தில் நிறம் போடுங்கள், ஒவ்வாத இடத்தில் கோடிட்டு விடுங்கள்.

மேக்ஸென்ட் போட்டு இன்னும் கண்டுபிடிக்காத தாழிக்காடுகளைக் கண்டுபிடிக்கலாமா?

மேக்ஸென்ட் என்பது தெரிந்த இடங்களின் சூழலை வைத்து, அதே சூழல் உள்ள வேறு இடங்களைக் கணிக்கும் நிரல். முயலலாம், ஆனால் காலநிலை லேயரை மட்டும் கொடுத்து அல்ல. ஜாகோர் 1876-இல் ஆதிச்சநல்லூரைத் தோண்டியதிலிருந்து எல்லோர் கண்ணும் ஆற்றங்கரை மேலேதான். சாலை போட்ட இடம், சரள் வெட்டிய இடம், வீடு கட்டக் கடைக்கால் எடுத்த இடம் இங்கெல்லாம்தான் தாழி தெரிந்தது. நிரலுக்கு நீங்கள் கொடுக்கும் புள்ளிகள் மக்கள் புதைத்த இடங்களின் முழுப் பட்டியல் அல்ல, நாம் தேடிய இடங்களின் பட்டியல். அது அதைத்தான் திருப்பிச் சொல்லும். நிரல் ஒப்பீட்டுக்கு எடுக்கும் பின்னணிப் புள்ளிகளையும் நாம் உண்மையில் கள ஆய்வு செய்த பகுதிக்குள்ளிருந்து எடுத்தால் இந்தச் சாய்வு குறையும்.

மேலும், 5 கிமீ கட்டத்துக்குள் பத்து இடம் இருந்தால் பத்துக்கும் ஒரே காலநிலை மதிப்பு. இந்த அளவில் மண், பாறை மேடு, ஆற்றிலிருந்து தூரம், வெள்ளம் ஏறாத உயரம் இவைதான் வேலை செய்யும். மற்றொரு பொறுப்பும் உண்டு. கணிப்பு மேப்பைத் துல்லியமான புள்ளிகளோடு பொதுவில் போடாதீர்கள். ஆய்வாளர் போவதற்கு முன் கடப்பாரை போய்விடும்.

மழை குறைஞ்சதால மக்கள் இடம்பெயர்ந்தாங்கன்னு முடிக்கலாமா?

இரண்டு கோடுகள் ஒரே நேரத்தில் இறங்குவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. முதலில், இறங்கியது எந்தப் பருவ மழை, அது அந்த ஊரின் தண்ணீரா? இரண்டாவது, தேதியின் வீச்சு அந்த வரிசையைச் சொல்ல இடம் தருகிறதா? மூன்றாவது, அந்த ஊரிலேயே அதற்குத் தடயம் உண்டா: தானிய வகை மாறியதா, கிணறு ஆழமாயிற்றா, எலும்பில் சத்துக்குறைவு தெரிகிறதா? நான்காவது, வேறு காரணம் இருந்திருக்க முடியாதா? கொற்கைக்கு வண்டலே போதுமான காரணமாக இருந்திருக்கலாம்.

நம் மக்கள் மழைக்கு முன்னால் கைகட்டி நின்றவர்கள் அல்லர். ஏரி வெட்டினார்கள், கால்வாய் எடுத்தார்கள், நெல் முடியாத இடத்தில் சிறுதானியம் போட்டார்கள். மழை குறைந்த காலத்தில் ஓர் ஊர் வளர்ந்திருந்தால், அங்கே என்ன செய்தார்கள் என்பதே நல்ல ஆய்வுக் கேள்வி.

ஆய்வேட்டுல இதையெல்லாம் எப்படி எழுதணும்?

தொகுப்பின் பெயர், பதிப்பு எண், மாடலின் பெயர், காலப்பகுதி, கட்ட அளவு, இறக்கிய தேதி. அடியில் உள்ள மாடலின் அசல் கட்ட அளவையும் தவறாமல் எழுதுங்கள், பலர் விட்டுவிடுவது அதைத்தான். நிகழ்கால ஒப்பீட்டுக்கு எந்த ஆண்டுகளை எடுத்தீர்கள் என்பதும் வேண்டும். வேர்ல்டுகிளைம் 1.4-க்கு அது 1960 முதல் 1990 வரை, பேலியோகிளைம் தரும் செல்சா நிகழ்காலத்துக்கு 1979 முதல் 2013 வரை. இரண்டையும் கலந்து வகுத்தால் விகிதம் கெட்டுவிடும். முடிந்தால் அந்த நிகழ்கால லேயரை அம்பாசமுத்திரம், பாளையங்கோட்டை, தூத்துக்குடி மழைமானிப் பதிவுகளோடு ஒப்பிட்டு ஒரு சின்ன அட்டவணை போடுங்கள். இன்றைய மழையையே அந்த லேயர் எவ்வளவு சரியாகச் சொல்கிறது என்று தேர்வாளர் கேட்பார், கேட்கவும் வேண்டும்.